மலைக்குப் புறப்படும் பேருந்தில் மருந்துப் பெட்டிக்கும் ஓர் இடம்

புதுதில்லி: மழைக்காலம் ஓய்ந்து, குளிரும் புகைமூட்டமும் வந்து சேர்வதற்கு முன்பான சில வாரங்கள்தான் தலைநகரின் பள்ளிகளுக்குச் சுற்றுலாப் பருவம். ஆக்ரா, ஜெய்ப்பூர், முசோரி, நைனிடால் என்று ஊர்ப் பெயர்கள் வகுப்பறைகளில் அடிபடத் தொடங்கும். மாணவரின் பையில் ஒரு சுற்றறிக்கை வீடு வந்து சேரும். புறப்படும் நாள், கட்டணம், கொண்டுவர வேண்டிய கம்பளி உடைகள், பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடம் ஆகியவற்றுக்குக் கீழே, பெரும்பாலும் கடைசி வரியாக, மாணவருக்கு ஏதேனும் நோய் இருந்தால் குறிப்பிடும்படி கேட்கப்பட்டிருக்கும். அதை எழுத ஒரு விரற்கடை இடம் விடப்பட்டிருக்கும்.

பெரும்பாலான வீடுகளிலிருந்து அந்த இடம் காலியாகவே திரும்பிப் போகும். சில வீடுகளில் மட்டும் அந்த ஒரு வரி இரண்டு, மூன்று இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்துவிடும். நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுமி, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் சிறுவன், அடிபட்டால் ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயுள்ள பிள்ளை, எப்போது வலிப்பு வரும் என்று சொல்ல முடியாத பிள்ளை இருக்கும் வீடுகள் அவை. உள்ளதை எழுதினால் பள்ளி மறுத்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். எழுதாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சம் மறுபுறம். பலரும் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழியை. அந்த மூன்று நாள்களுக்குப் பிள்ளையை வீட்டிலேயே இருத்திக்கொள்கின்றனர். வகுப்பு திரும்பி வந்து புகைப்படங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

இத்தகைய குழந்தைகள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 20 வயதுக்குட்பட்டோர் உலகிலேயே இந்தியாவில்தான் அதிகம் என்றும், அவர்கள் சுமார் 2.29 லட்சம் பேர் என்றும் சர்வதேச சர்க்கரை நோய் கூட்டமைப்பு 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. ஆண்டுதோறும் சுமார் 10,000 குழந்தைகள் தலசீமியா நோயுடன் நாட்டில் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்நோயின் மரபணுவைச் சுமப்போர் பஞ்சாபி, சிந்தி சமூகங்களில் கூடுதலாக இருப்பதால், 1947 பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தோரின் குடியிருப்புகள் நிறைந்த தில்லிக்கு இது அந்நியமான நோயன்று.

இன்சுலினும் மலைப்பாதையும்

முசோரிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தில்லியிலிருந்து சுமார் 290 கிலோ மீட்டர். டேராடூன் வரை சமவெளி. அதற்குப் பிறகு ஏறத்தாழ 35 கிலோ மீட்டர், வளைந்து வளைந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் மலைப்பாதை. பேருந்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும் பாதை அது. மற்ற பிள்ளைகளுக்கு அது சிறு தொல்லை. சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு அதுவே பெரும் சிக்கலாகிவிடும். காலை உணவுக்கு உரிய இன்சுலினைப் போட்டாகிவிட்டது. உண்ட உணவோ வெளியே வந்துவிட்டது. உடலில் இன்சுலின் இருக்கிறது, அது செலவழிக்க வேண்டிய சர்க்கரை இல்லை. அரை மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் தொடங்கிவிடும். பேச்சு குழறும். பேருந்தில் உள்ளவர்கள் அதையும் மலைப்பாதை மயக்கம் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இதற்கான வைத்தியம் எளிமையானது. ரத்தத்தில் சர்க்கரையின் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். ஆனால், அளக்கும் கருவி பேருந்தின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் எளிமையான வைத்தியமும் எட்டாது. நினைவு தப்பிவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்கோகன் என்ற ஊசி மருந்து போட வேண்டும். அது நம் நாட்டில் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை. மருத்துவமனைக்கு விரைவதே வழி.

இன்சுலின் வெயிலையும் தாங்காது, உறைபனியையும் தாங்காது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மண்பானைக்குள் இன்சுலின் புட்டியை வைத்துக் காப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். அந்த அறிவு பயணத்திலும் உதவும். ஆனால் நல்லெண்ணத்துடன் ஒருவர் பனிக்கட்டிப் பையோடு ஒட்டி வைத்துவிட்டால் மருந்து உறைந்து பயனற்றுப் போகும். பார்த்தால் வேறுபாடும் தெரியாது. இன்னொரு வம்பும் இந்தியாவுக்கே உரியது. இங்கே புட்டியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு. பேனாக் குப்பிகளில் வருவது 100 அலகு. இரண்டுக்கும் ஊசிகள் வேறு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா பழுதாகிவிட்டது என்று அதன் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் மருந்தை எடுத்துவிட்டால், பிள்ளையின் உடலுக்குள் செல்வது இரண்டரை மடங்கு. பழகிய தாய் இந்தத் தவறைச் செய்ய மாட்டார். அவசரத்தில் உதவ வரும் ஆசிரியர் செய்துவிடக்கூடும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான நேரம் இரவு. பகல் முழுவதும் மலையேறிய உடலின் தசைகள் இரவில் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு, பிள்ளை நன்றாக உறங்கும்போது, அளவு சரியத் தொடங்கும். நடந்த நாள்களில் இரவு இன்சுலினைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவதும், அந்த நேரத்தில் எழுந்து ஒருமுறை விரலில் குத்தி அளந்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான். வீட்டில் அதைச் செய்வது தாய் அல்லது தந்தை. விடுதியில் அதை யார் செய்வது என்பதில்தான் பெரும்பாலான பயணங்கள் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன.

ரத்தம் ஏற்றும் நாள்

தலசீமியா குழந்தையின் வாழ்க்கை வேறொரு நாள்காட்டியில் ஓடுகிறது. ரத்தம் ஏற்றிய முதல் வாரத்தில் ஓடியாடும் பிள்ளை, மூன்றாவது வாரத்தில் மாடிப்படி ஏறவும் களைத்துப் போகும். அந்த மூன்றாவது வாரத்தில் மலைக்கு அழைத்துச் சென்றால், குறைந்த ரத்தமும் குறைந்த பிராணவாயுவும் சேர்ந்து வாட்டும். பயணத்துக்குச் சில நாள்கள் முன்பாக ரத்தம் ஏற்றிக்கொண்டால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பள்ளி தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன தேதியை மாற்றாமலும் இருக்க வேண்டும். செலவில்லாத உதவி இது. தேர்வு, ஆண்டு விழா, பேருந்து கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் தள்ளிவைக்கும் பள்ளி, ஒரு பிள்ளையைத் தன்னையறியாமலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது.

ஏற்றிய ரத்தத்தால் உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற மருந்து வேண்டும். ஒரு காலத்தில் அதற்கு இருந்த ஒரே வழி, சிறிய பம்பு ஒன்றை வயிற்றிலோ தொடையிலோ பொருத்தி, இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்தைச் செலுத்துவதுதான். வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள் பம்புடன் உறங்கும் பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப யாரும் துணிந்ததில்லை. 1990-களின் நடுவில் வாய்வழி மருந்தும், 2005-க்குப் பிறகு நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் மருந்தும் வந்தபின் நிலைமை மாறியது. மருந்தின் பெயரும் வேளையும் எழுதிய ஒரு தாள் இன்று பலருக்குப் போதும். மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளையானால் மட்டும் அந்தத் தாளில் இன்னொரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: காய்ச்சல் வந்தால் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஹீமோபீலியாவுக்கும் இது பொருந்தும். புறப்படும் முன் ரத்தம் உறையவைக்கும் காரணிப் புரதத்தை ஏற்றிக்கொள்வது, மீதியைக் குளிர்ப்பெட்டியில் உடன் கொண்டுசெல்வது, வலிக்கிறது என்று ஆஸ்பிரின் கொடுக்காதிருப்பது, தசையில் ஊசி போடவிடாதிருப்பது. வழியில் உள்ள மாவட்ட மருத்துவமனையில் அந்தப் புரதம் இருக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. வலிப்பு நோய்க்கு மூக்கில் தெளிக்கும் மிடாசோலம் மருந்து இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அதைத் தெளிக்க ஊசிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. அரை மணி நேரப் பயிற்சியில் எந்த ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம்.

தாயையும் அனுப்புங்கள்

பள்ளிகளின் தயக்கத்தை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிடுவதும் நியாயமாகாது. 2014 ஜூன் 8-ஆம் தேதி ஹிமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி நீர்மின் திட்டத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்னி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். எந்த நோயும் இல்லாத பிள்ளைகளை அழைத்துச் சென்றதற்கே இந்த முடிவு என்றால், மருந்துப் பெட்டியுடன் வரும் பிள்ளையை யார் பொறுப்பேற்பது என்று தலைமையாசிரியர் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் இவ்விரு விபத்துகளிலும் உயிரைப் பறித்தது மேற்பார்வையில் நேர்ந்த தவறே. நோயுள்ள பிள்ளைக்காகச் செய்யப்படும் முன்னேற்பாடுகள், அதாவது வழியிலுள்ள மருத்துவமனைகளின் பட்டியல், எப்போதும் தயாராக நிற்கும் ஒரு வாகனம், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு ஆகியவை, பேருந்தில் உள்ள மற்ற 40 பிள்ளைகளுக்கும் இல்லாமல் போனவைதாம்.

நேரடியாக மறுக்கும் பள்ளிகள் குறைவு. தாயையும் உடன் அனுப்புங்கள் என்பதே வழக்கமான பதில். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோழர்களுடன் தனியே செல்வதுதான் சுற்றுலா. தாய் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் பயணம் இன்னொரு மருத்துவமனைப் பயணமாகவே முடியும். அதற்குமேல் இரண்டாவது ஆளின் கட்டணம், தாய் வேலைக்குச் செல்பவரானால் மூன்று நாள் ஊதியம். அதைத் தர முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த அனுமதியும் மறுப்பேதான்.

ஊசி போட்டு ஏதேனும் ஆகிவிட்டால் வழக்கு வருமே என்ற அச்சமும் ஆசிரியர்களிடம் பரவலாக உள்ளது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, உதவ முன்வருவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அது சாலை விபத்தில் சிக்கியோருக்கு உதவுவதற்கு மட்டுமே. நெருக்கடியில், ஒப்புதல் பெற அவகாசம் இல்லாத நிலையில், ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்ற கொள்கை பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 92-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. எத்தனை ஆசிரியர் அறைகளுக்கு இந்தச் செய்தி சென்று சேர்ந்தது என்பது வேறு கேள்வி.

சட்டம் வகுத்த கோடு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறியது. ரூபாய் நோட்டு மதிப்பு நீக்க விவகாரத்தால் அவை முடங்கிக் கிடந்த குளிர்காலக் கூட்டத் தொடரில், கட்சி வேறுபாடின்றி இரு அவைகளும் ஏற்றுக்கொண்ட மிகச் சில மசோதாக்களில் ஒன்று அது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிந்தது. தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் செல் ரத்தசோகை ஆகிய மூன்றும் முதன்முறையாக அதில் இடம்பெற்றன. வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் இம்மூன்றும் சேர்க்கப்படவில்லை என்ற மனக்குறை அன்றிலிருந்து தொடர்கிறது.

அச்சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதுடன், விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்கு இணையாக வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. மிகுதியான ஆதரவு தேவைப்படும் குழந்தைக்கும் அதன் உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இந்தியா 2007-ல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது விதியும் விளையாட்டு, பொழுதுபோக்கு, ஓய்வு ஆகியவற்றில் இக்குழந்தைகளுக்குச் சம உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பள்ளிச் சுற்றுலா என்ற சொல் இவற்றில் இல்லை. இருப்பினும், வேறு எதைக் குறிக்க இந்தச் சொற்கள் எழுதப்பட்டிருக்க முடியும்?

முதல் வகைச் சர்க்கரை நோய் இந்தப் பட்டியலில் இல்லை. வலிப்பு நோயும் தனியாக இடம்பெறவில்லை. எனவே இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சட்டத்தின் 16-வது பிரிவைக் காட்டிக் கேட்க வழியில்லை. இவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சுற்றறிக்கைகளே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ல் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் போன்றவற்றைக் கொண்டுசெல்ல அனுமதித்தது. தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் எழுதிய கடிதத்தை அடுத்து, உத்தரப் பிரதேச அரசு வகுப்பிலேயே ரத்தச் சர்க்கரையை அளக்கவும் இன்சுலின் போடவும் இடைவேளை உணவு உண்ணவும் இடம்தர வேண்டும் என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. தேர்வுக்கு வழி பிறந்துவிட்டது. சுற்றுலாவுக்கு இன்னும் பிறக்கவில்லை. நம் நாட்டில் எதுவும் தேர்விலிருந்துதான் தொடங்கும் போலும்.

சிகிச்சைக்கு மட்டும் சலுகை

பயணச் செலவில் அரசின் பார்வை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தலசீமியா, ஹீமோபீலியா நோயாளிகளுக்கும் துணைவருவோருக்கும் ரயில் கட்டணத்தில் கணிசமான சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் அது 75 சதவீதம். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உள்படப் பலவற்றை ரயில்வே நிறுத்தியபோதும், நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான சலுகைகள் தப்பின. ஆனால் நோயாளிக்கான சலுகை சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ மருத்துவமனைக்குச் சென்று திரும்புவதற்கு உரியது. தில்லிக்கு ரத்தம் ஏற்ற வரும் சிறுவனுக்கு முக்கால் பங்குக் கட்டணம் தள்ளுபடி. அதே சிறுவன் தாஜ்மகாலைப் பார்க்க ஆக்ரா செல்வதானால் முழுக் கட்டணம். சலுகை நோய்க்குத் தரப்படுகிறது, பிள்ளைக்கன்று.

சக்கர நாற்காலியில் செல்லும் பிள்ளைக்கு வேறு விதமான சிக்கல். விரைவு ரயில்கள் பலவற்றில் அகலமான கதவும் கழிவறையும் கொண்ட தனிப் பெட்டிப் பகுதி உண்டு. அது பெரும்பாலும் ரயிலின் ஒரு கோடியில் இருக்கும். மாற்றுத்திறனாளிக்கும் துணைவருபவருக்கும் மட்டுமே அதில் இடம். வகுப்புத் தோழர்கள் நடுவில் எங்கோ ஒரு பெட்டியில் பாடிக்கொண்டு வருவார்கள்.

விமானப் பயணத்தில் நிலைமை நீதிமன்றம் சென்றே மாறியது. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற சமூக ஆர்வலர், 2012 பிப்ரவரியில் கருத்தரங்கு ஒன்றுக்காக கொல்கத்தாவிலிருந்து கோவா செல்ல விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவருக்கு ரூ. 10 லட்சம் இழப்பீடு வழங்க 2016 மே 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி ஏ.கே. சிக்ரி தலைமையிலான அமர்வு, இதனைக் கண்ணியத்துடன் வாழும் உரிமையோடு இணைத்துப் பார்த்தது. அதன் பின்னரும் 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவன் விமானத்தில் ஏற அனுமதிக்கப்படவில்லை. அதே விமானத்தில் செல்லவிருந்த மருத்துவர்கள் உதவ முன்வந்தும் பயனில்லை. அந்நிறுவனத்துக்கு ரூ. 5 லட்சம் அபராதம் விதித்த விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அவ்வாண்டு ஜூலையில் விதியைத் திருத்தியது. உடற்குறைபாட்டைக் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது. பயணத்தின்போது உடல்நிலை மோசமாகலாம் என்று கருதினால் விமான நிலைய மருத்துவர் நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதே திருத்தம். ஊழியரின் ஊகத்துக்குப் பதிலாக மருத்துவரின் சொல். பள்ளிப் பேருந்துக்கு இதைப் போன்ற விதி எதுவும் எழுதப்படவில்லை.

காப்பீட்டிலும் இதே இடைவெளி. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டம் ரூ. 1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும்.

உடன் செல்வோர்

வழி இல்லாமலும் இல்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1925-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லியோனார்ட் வெண்ட் என்ற மருத்துவர் சர்க்கரை நோயுள்ள சிறார்களைத் திறந்தவெளி முகாமுக்கு அழைத்துச் சென்றார். இந்தியாவிலும் மருத்துவமனைகளும் பெற்றோர் சங்கங்களும் இத்தகைய முகாம்களைப் பல நகரங்களில் நடத்தி வருகின்றன. தில்லியிலிருந்து 2016 முதல் இயங்கும் ‘பிளானட் ஏபிள்ட்’ போன்ற நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டணப் பயணங்களை ஏற்பாடு செய்கின்றன. 2021 செப்டம்பரில், முன்னாள் படைவீரர்களின் துணையோடு மாற்றுத்திறனாளிகள் 8 பேர் சியாச்சின் பனியாற்றில் 15,632 அடி உயரத்தில் உள்ள குமார் முகாமை அடைந்தனர். சியாச்சின் வரை செல்ல முடியும் என்றால் முசோரிக்கு முடியாதா என்று கேட்பது எளிது. சியாச்சினுக்கு அவர்களை அழைத்துச் சென்றது நீண்ட பயிற்சியும், ஒவ்வொருவர் அருகிலும் இருந்த ஒரு துணையும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நன்றாக நடக்கும் முகாம்களில் வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு. நோயின் பெயருக்கு மேல் அதில் பலவும் இருக்கும். இந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்தால் முதலில் எரிச்சல் வரும், சண்டை போடும். இந்தப் பிள்ளை வலியைச் சொல்லாது, நடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிள்ளை புதிய இடத்தில் தண்ணீர் குடிக்க மறுக்கும். இவை மருத்துவர் எழுதித் தரும் தாளில் இருக்காது. தாய்க்கு மட்டுமே தெரிந்த செய்திகள் இவை. அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால்தான் பெற்றோரின் மனம் சற்று இறங்கிவருகிறது.

மருந்துகள் அவற்றின் அட்டைப்பெட்டியுடனேயே, இரண்டு பங்காக, இரண்டு வெவ்வேறு பைகளில், இரண்டு வெவ்வேறு பெரியவர்களின் கையில் செல்கின்றன. ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்கும். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் கொடுத்தவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர் என இரண்டு கையெழுத்து. இரவு முறைக்காவலுக்கு ஆள் உண்டு. அவருக்கு மறுநாள் காலை ஓய்வும் உண்டு. 108 ஆம்புலன்ஸை எல்லா இடத்திலும் நம்பியிருக்க முடியாது என்பதால் விடுதி வாசலில் ஒரு வண்டியும் ஓட்டுநரும் இரவு முழுவதும். அதே நோயுடன் வளர்ந்து, கல்லூரி செல்லும் வயதை எட்டிய இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவது இந்த முகாம்களின் தனிச் சிறப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மருத்துவரின் ஆயிரம் சொற்களைவிட, தனக்கு முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த நிமிடம் கிரிக்கெட் மட்டையை எடுக்கும் அண்ணன் ஒருவர் போதும். வீட்டில் தாயின் கையால் மட்டுமே ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள், முகாமின் இரண்டாம் நாளிலேயே தாமே போட்டுக்கொள்ளத் தொடங்குவது வழக்கமான காட்சி.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பணம் வேண்டும். நான்கு நாள் முகாமுக்கு மருத்துவர், செவிலியர், தொண்டர்கள் என்று பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இணையான எண்ணிக்கையில் பெரியவர்கள் செல்ல வேண்டியிருக்கிறது. ஆதலால் இவை பெருநகரங்களிலும் நன்கொடையாளர்களின் தயவிலுமே நடக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத் தலைநகரிலோ பிகாரின் ஒரு கிராமத்திலோ உள்ள பிள்ளைக்கு அவை எட்டுவதில்லை. ‘சிறப்பு’ முகாம் என்ற பெயரில் இக்குழந்தைகளைத் தனியே அழைத்துச் செல்வதும் ஒருவகைப் பிரிவினைதானே என்று கேட்கும் பெற்றோரும் உள்ளனர். சொந்த வகுப்புடன் சொந்தப் பள்ளிப் பேருந்தில் செல்வதே அவர்கள் கேட்பது. முகாமில் சென்றுவந்த பிள்ளை, தன் நோயைத் தானே கவனிக்கப் பழகி, அடுத்த ஆண்டு வகுப்புடன் செல்லத் துணிவு பெறுவதும் உண்டு. இரண்டில் எது சரி என்று வாதிடுவதற்கு முன், இரண்டுமே கிடைக்காதோர்தாம் மிகப் பலர் என்பதை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

அனுப்பிவைத்த பெற்றோரின் இரவுகள் வேறு. சிலர் பிள்ளைக்குத் தெரியாமல் அதே ஊரில் வேறொரு விடுதியில் அறை எடுத்துத் தங்கிவிடுகிறார்கள். கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று கடைவீதிக்கும் வருவதில்லை. வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள், பத்து ஆண்டுகளாகப் பழகிய உடம்பு சும்மா இருக்காததால், வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொள்கிறார்கள். அளந்து பார்க்க விரல் இல்லை. பின்னிரவு மூன்று மணி சுமாருக்குக் கைப்பேசி ஒளிரும். முறைக்காவலில் இருக்கும் தொண்டரிடமிருந்து செய்தி. ‘124. உறங்குகிறாள்.’ அதைப் படித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தால், அடுத்த செய்தி காலை ஏழு மணிக்கு.